எண்பது நிமிடம் ஆடாத ஆட்டம்

போன வாரம் நண்பர் ஒருவரோடு ஒரு வாக்குவாதம். "மேட்ச் ஃபிக்ஸிங்னா யாராவது காசு வாங்கியிருக்கணும், இல்லைன்னா முன்னாடியே பேசி வெச்சிருக்கணும். ரெண்டுக்குமே ஆதாரம் இல்லாதப்ப அதை எப்படி மோசடின்னு சொல்றீங்க?" என்றார். பேச்சு 1982 உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மோதிய ஆட்டத்தைப் பற்றி. அந்த நேரத்தில் என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஆட்டத்தின் பதிவைத் தேடிப் பார்த்தேன். ஒரு தாளில் புள்ளிக் கணக்கையும் போட்டேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

முதலில் பின்னணி. ஸ்பெயினில் நடந்த அந்த உலகக் கோப்பையின் இரண்டாவது பிரிவில் மேற்கு ஜெர்மனி, ஆஸ்திரியா, அல்ஜீரியா, சிலி என நான்கு அணிகள். அப்போது வெற்றிக்கு 2 புள்ளி, டிராவுக்கு 1. புள்ளிகள் சமமானால் கோல் வித்தியாசம் பார்ப்பார்கள், கிரிக்கெட்டில் நெட் ரன் ரேட் பார்ப்பதுபோல. அதுவும் சமமென்றால் அடித்த கோல்களின் எண்ணிக்கை. முதல் இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகும்.

அல்ஜீரியாவுக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. முதல் ஆட்டத்திலேயே, ஜூன் 16 அன்று, ஐரோப்பிய சாம்பியனான மேற்கு ஜெர்மனியை 2-1 என்று சாய்த்தது. மாஜெர் ஒரு கோல், பெல்லூமி ஒரு கோல். அடுத்து ஆஸ்திரியாவிடம் 0-2 தோல்வி. ஜூன் 24 அன்று சிலியை 3-2 என்று வென்றது. ஒரே உலகக் கோப்பையில் இரண்டு ஆட்டங்களை வென்ற முதல் ஆப்பிரிக்க அணி அதுதான்.

ஆனால் அவர்கள் ஒரு நாள் காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிவின் கடைசி ஆட்டம் மறுநாள், ஜூன் 25 அன்று, ஹிஹோன் நகரத்தில். அதற்கு முன் நிலவரம் இப்படி:

ஆஸ்திரியா: 4 புள்ளி, கோல்கள் 3-0, வித்தியாசம் +3
அல்ஜீரியா: 4 புள்ளி, கோல்கள் 5-5, வித்தியாசம் 0
மேற்கு ஜெர்மனி: 2 புள்ளி, கோல்கள் 5-3, வித்தியாசம் +2
சிலி: மூன்றிலும் தோல்வி, வெளியே

இனி கணக்கு. ஆட்டம் டிரா ஆனாலோ ஆஸ்திரியா ஜெயித்தாலோ ஜெர்மனி வெளியே. ஜெர்மனி மூன்று கோல் வித்தியாசத்தில், உதாரணமாக 3-0 என்று ஜெயித்தால், ஆஸ்திரியாவின் வித்தியாசமும் 0 ஆகிவிடும். அல்ஜீரியா அதிக கோல் அடித்திருப்பதால் ஆஸ்திரியா வெளியே. நடுவில் ஒரு சந்து இருக்கிறது: ஜெர்மனி ஒரு கோல் அல்லது இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தால் களத்தில் இருக்கும் இருவரும் தப்பிப்பார்கள். வெளியே போவது, அன்று களத்திலேயே இல்லாத மூன்றாமவர்.

இந்தக் கணக்கு ஆட்டம் தொடங்கும் முன்பே எல்லோருக்கும் தெரியும். சிக்கலே அதுதான்.

முதல் பத்து நிமிடம் ஜெர்மனி நிஜமாகவே ஆடுகிறது. ஆடித்தான் ஆகணும், கோல் இல்லாவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான். லிட்பார்ஸ்கி இடது பக்கமிருந்து பந்தைத் தூக்கிப் போட, ஹ்ரூபெஷ் அதை வலைக்குள் தள்ளினார். 1-0. அதன்பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டம் இருக்கிறது. பிறகு மெல்ல மெல்ல உயிர் போகிறது. இரண்டாம் பாதியில் பின்கள வீரர் இன்னொரு பின்கள வீரருக்குத் தட்டுகிறார், அவர் கோல்கீப்பருக்கு, கோல்கீப்பர் கையில் எடுத்து மறுபடி அவருக்கே. சக வீரர் காலால் திருப்பித் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்ற விதி 1992-ல்தான் வந்தது. அதனால் அன்று நேரம் கடத்துவது ரொம்ப சுலபம்.

அரங்கத்தில் ஸ்பெயின் ரசிகர்கள் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக் கூச்சல் போட்டார்கள். அல்ஜீரிய ரசிகர்கள் பணநோட்டுகளை ஆட்டிக் காட்டினார்கள். ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் வர்ணனையாளர் ராபர்ட் ஸீகர் பார்வையாளர்களிடம் டி.வி.யை அணைத்துவிடச் சொன்னார். மறுநாள் உள்ளூர் நாளிதழ் 'எல் கோமெர்சியோ' ஆட்டச் செய்தியைக் குற்றச் செய்திகள் பக்கத்தில் போட்டது. அல்ஜீரியா முறையிட்டது. எந்த விதியும் மீறப்படவில்லை என்று ஃபிஃபா அதைத் தள்ளுபடி செய்தது.

சரி, பேசிவைத்துக்கொண்டார்களா? கணக்கைப் போட்டபிறகு எனக்குத் தோன்றுவது, பேசவே தேவையில்லை என்பதுதான். ஜெர்மனி இடத்தில் நின்று பாருங்கள். இன்னொரு கோல் அடித்தால் பெரிதாக லாபமில்லை. முன்னேறிப் போய் ஒன்று வாங்கினால் எல்லாம் போச்சு. ஆஸ்திரியா இடத்தில் நின்று பாருங்கள். சமன் செய்தால் பிரிவில் முதலிடம் கிடைக்கும், ஆனால் அடுத்த சுற்றுதான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. எதற்கு ஆபத்து? எதிராளி சும்மா இருக்கும்வரை நானும் சும்மா இருப்பேன் என்பது வாய் திறக்காமலே உருவாகும் உடன்பாடு.

கணக்குப் போட்டபோது வேறொன்றும் கண்ணில் பட்டது. சிலியுடன் அல்ஜீரியா இடைவேளையில் 3-0 என்று முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் இரண்டு கோல் விட்டது. 3-0 என்றே முடிந்திருந்தால் அல்ஜீரியாவின் கணக்கு 5-3, வித்தியாசம் +2. அப்போது ஜெர்மனி 1-0 என்று ஜெயித்தால் ஆஸ்திரியாவுக்கும் +2 தான், ஆனால் அடித்தது மூன்றே கோல். ஆஸ்திரியா வெளியே! அதாவது அந்த 1-0 சந்தே இருந்திருக்காது. ஆஸ்திரியா கடைசி நிமிடம்வரை உயிரைக் கொடுத்து ஆடியிருக்கும். அல்ஜீரியாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அதே ஆட்டக்காரர்கள், அதே மைதானம், அட்டவணையில் இரண்டு கோல் மாறினால் நடத்தையே மாறிவிடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஃபிஃபாவுக்கு எச்சரிக்கை முன்பே கிடைத்திருந்தது. 1978-ல் பிரேசிலின் ஆட்டம் முடிந்தபிறகே அர்ஜென்டினா களமிறங்கியது. பெருவை நான்கு கோல் வித்தியாசத்தில் வெல்ல வேண்டும் என்று தெரிந்தே ஆடி 6-0 என்று வென்றது. ஹிஹோனுக்குப் பிறகுதான் விதி மாறியது: 1986 உலகக் கோப்பையிலிருந்து ஒரு பிரிவின் கடைசி இரண்டு ஆட்டங்களும் ஒரே நேரத்தில். ஆட்டக்காரர்களுக்கு நீதி போதனை செய்வதைவிட, அவர்களுக்குத் தெரியும் தகவலைக் குறைப்பது புத்திசாலித்தனம்.

ஆனால் இது முழு மருந்தில்லை. 2018-ல் ஜப்பான், போலந்திடம் 0-1 என்று தோற்றுக்கொண்டிருந்தபோதே கடைசி நிமிடங்களில் பந்தைச் சும்மா தட்டிக்கொண்டிருந்தது. அதே நேரத்தில் நடந்த இன்னொரு ஆட்டத்தில் செனகல் பின்தங்கியிருப்பது அவர்களுக்குத் தெரியும்; மஞ்சள் அட்டை குறைவு என்பதால் ஜப்பான் முன்னேறியது. 48 அணிகளுடன் 2026 உலகக் கோப்பையைத் திட்டமிட்டபோது, முதலில் மூன்று மூன்று அணிகளாகப் பிரிக்கத்தான் முடிவு. மூன்று அணி என்றால் கடைசி ஆட்டத்தில் ஒரு அணி எப்போதும் சும்மா உட்கார்ந்திருக்கும், 1982-ன் அல்ஜீரியா மாதிரி. 2023-ல் அதை நான்கு அணிப் பிரிவுகளாக மாற்றினார்கள். நல்ல காரியம்.

நண்பருக்கு என் பதில் இப்போது இதுதான். இரண்டு பேர் ஆடும் ஆட்டம் அவர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பிரிவு ஆட்டம் என்பதே, நீ இல்லாத இடத்திலும் மற்றவர்கள் ஜெயிக்கத்தான் ஆடுவார்கள் என்று மூன்றாமவருக்குக் கொடுக்கும் வாக்கு. அன்று காசு கைமாறியதாகவோ முன்பேச்சு நடந்ததாகவோ என்னால் காட்ட முடியாது. உடைந்தது அந்த வாக்கு.

32 வருஷம் கழித்து, 2014-ல் போர்ட்டோ அலெக்ரேயில் அல்ஜீரியாவும் ஜெர்மனியும் மறுபடி சந்தித்தன. 90 நிமிடம் கோலே இல்லை. கூடுதல் நேரத்தில் ஜெர்மனி 2-1 என்று ஜெயித்தது. அல்ஜீரியா அன்றும் வெளியேறியது. ஆனால் இந்தமுறை களத்தில் நின்று, ஆடித் தோற்றது.