அமைதியா இருந்தா இம்போஸ்டரா?

பத்தாவது பரீட்சை ரத்தான 2020 பேட்ச் நாங்க. மன்னார்குடியில வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த அந்த மாசங்களை ஓட்டினது 'அமங் அஸ்' கேம்லதான். பத்துப் பேர்ல ரெண்டு பேர் இம்போஸ்டர், மத்தவங்க க்ரூமேட். இம்போஸ்டர் ஒவ்வொருத்தரா கொல்லுவான். உடல் கிடைச்சதும் மீட்டிங், சண்டை, ஓட்டு.

எங்க கேங்ல ஒருத்தன் வீடு பாமணி ஆத்துப் பக்கம். சிக்னல் விட்டு விட்டுத்தான் வரும். அவன் பதில் சொல்றதுக்குள்ள "வாயே திறக்கல, இவன்தான்!"னு வெளிய அனுப்பிடுவோம். பெரும்பாலும் அவன் க்ரூமேட்டாத்தான் இருப்பான். ஒரு கட்டத்துல விளையாட வர்றதையே நிறுத்திட்டான்.

தப்பு எங்க? சின்ன வயசுல சீட்டு குலுக்கிப் போட்டு ஆடின ராஜா ராணி போலீஸ் திருடன்ல, போலீஸுக்கு இருந்த ஒரே துப்பு எதிராளியோட முழி. அதே பழக்கத்தை இங்கயும் கொண்டு வந்துட்டோம். ஆனா ஆளை வெச்சுப் பொய் கண்டுபிடிக்கிறதுல மனுஷன் ரொம்ப வீக். சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் 2006-ல 200-க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தாங்க. சராசரியா 54 சதவீதம்தான் சரி. காசைச் சுண்டினாலே 50 வரும்!

அப்போ எதைப் பார்க்கணும்?

1. இடமும் சாட்சியும்: "எங்க இருந்த, யாரைப் பார்த்த?"னு கேளுங்க. விவாதத்துக்கு முன்னாடியே எல்லாரும் சாட்ல டைப் பண்ணிடணும். கடைசியா பேசுறவனுக்குக் கதையை ஒட்டுப்போட நேரம் கிடைச்சிடும்.

2. கண்ணுக்குத் தெரியுற டாஸ்க்: விஷுவல் டாஸ்க் ஆன்ல இருந்தா, மெட்பே ஸ்கேன் பக்கத்துல நிக்கிறவங்களுக்கும் தெரியும். இம்போஸ்டரால அதைச் செய்ய முடியாது.

3. அதிகமாத் தெரிஞ்சவன்: இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூலம் 'மாஃபியா'. 1986-ல மாஸ்கோ பல்கலைக்கழகத்துல திமித்ரி தவிதோஃப் உருவாக்கினது. விஷயம் தெரிஞ்ச சில பேர், தெரியாத பல பேர், இதுதான் அதோட அடிப்படை. அதனால ஆதாரமே இல்லாம "அவன் நல்லவன், நான் கேரண்டி"னு சொல்றவன் மேல ஒரு கண் வைங்க. அது அவனுக்கு எப்படித் தெரியும்?

4. கணக்கு: முதல் உடல் கிடைக்கும்போது 9 பேர் மிச்சம். உங்களை விட்டா 8. அதுல 6 பேர் நிரபராதி. குருட்டு ஓட்டு நாலுல மூணு தடவை தப்பாப் போகும். ஒவ்வொரு தப்பு ஓட்டும் இம்போஸ்டருக்கு நீங்க இலவசமா செஞ்சு கொடுக்கிற கொலை. துப்பு இல்லன்னா ஆரம்பத்துல ஸ்கிப் போடுங்க. ஆனா 5 பேருக்கு வந்துட்டா ஸ்கிப்பும் காப்பாத்தாது. அடுத்த கொலையில 2-க்கு 2, ஆட்டம் குளோஸ். அதுக்குள்ள துப்பு சேர்த்திருக்கணும்.

போன பொங்கல் லீவுல அவனைக் கெஞ்சிக் கூப்பிட்டு மறுபடி ரூம் போட்டோம். முதல் மீட்டிங்லயே சிக்னல் போச்சு. இந்தத் தடவை யாரும் ஓட்டுப் போடல, காத்திருந்தோம். கடைசி நொடியில அவன் மெசேஜ் வந்துச்சு: "எலக்ட்ரிக்கல்ல பிங்க் வென்ட்டுக்குள்ள இறங்கினதைப் பார்த்தேன்."

பிங்க் நான்தான்.