கேட்கும் தூண் பேசவும் வேண்டும்

அமெரிக்க சர்வகலாசாலை வளாகங்களில் இருட்டிய பிறகு நடந்து செல்பவர்கள், மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் இடையே உச்சியில் நீல விளக்கை ஏந்தி நிற்கும் எஃகுத் தூண்களைக் காணாமல் இருக்க முடியாது. சுமார் மூன்று மீட்டர் உயரமுள்ள அந்தத் தூணில், சக்கர நாற்காலியில் இருப்பவருக்கும் எட்டுகிற உயரத்தில், ஒரு பொத்தான் உண்டு. ஆபத்தில் அகப்பட்டவர் அதை அழுத்திய மாத்திரத்தில் உச்சி விளக்கு பளிச்சிட்டு மின்னத் தொடங்குகிறது. வளாகக் காவலர் அறையில் மணி ஒலிக்கிறது. அழைப்பு எந்தத் தூணிலிருந்து வருகிறது என்பதும் அங்கே தெரிந்துவிடுகிறது. ரிசீவரை எடுக்கவோ எண்களைச் சுழற்றவோ அவசியமின்றி, மூச்சிரைக்க நிற்கும் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே தம் சங்கடத்தைச் சொல்லலாம்.

1986-இல் பென்ஸில்வேனியாவின் லீஹை சர்வகலாசாலையில் ஜீன் கிளரி என்னும் மாணவி தன் விடுதி அறையிலேயே கொல்லப்பட்டாள். அவளுடைய பெற்றோர் சோராமல் போராடியதன் பயனாக, வளாகங்களில் நிகழும் குற்றங்களைக் கல்வி ஸ்தாபனங்கள் மறைக்காமல் வெளியிட வேண்டும் என்ற சட்டம் 1990-இல் பிறந்தது. தனி ஒருவரின் ஆபத்தைக் குறித்த கவலை ஓங்கியிருந்த அக்காலத்துக்கு நீல விளக்குத் தூண் பொருத்தமான சாதனமாகவே இருந்தது. ஒருவர் கூப்பிட, ஒருவர் கேட்பார். அதற்கு மேல் அத்தூணிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை.

அந்த எதிர்பார்ப்பை மாற்றியது 2007-ஆம் ஆண்டு ஏப்ரல் 16-ஆம் நாள். வர்ஜீனியா டெக் சர்வகலாசாலையில் அன்று காலை ஏழேகால் மணியளவில் ஒரு விடுதியில் இருவர் சுடப்பட்டார்கள். அதைப் பற்றிய முதல் மின்னஞ்சல் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் புறப்பட்டபோது மணி 9:26. சுமார் 9:40-க்கு அதே கொலையாளி நோரிஸ் ஹால் என்னும் வகுப்புக் கட்டடத்துக்குள் புகுந்து மேலும் 30 பேரைக் கொன்றான். வெளிப்புற ஒலிபெருக்கிகள் அன்று மௌனமாகவே இருந்துவிடவில்லை. ஆனால் அவை முழங்கிய வேளையில் அந்தக் கொடுமை பெரும்பாலும் நடந்து முடிந்திருந்தது. கருவி இருப்பது ஒன்று, அதைக் காலத்தில் பேசவைப்பது வேறொன்று என்பதை இவ்வளவு துயரத்தோடு உணர்த்திய சம்பவம் குறைவு. மறு ஆண்டே, பெரிய அபாயம் உறுதிப்பட்டவுடன் வளாகத்தாருக்குத் தாமதமின்றி அறிவிக்க வேண்டும் என்ற கடமை சட்டத்தில் சேர்க்கப்பட்டது. ஒருவருடைய குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த தூண்களை அனைவரிடமும் பேசவைத்தால் என்ன என்ற யோசனை பலருக்கும் கவர்ச்சியாகத் தோன்றியது இதன் பிறகுதான்.

யோசனை நல்லதே. வெட்டவெளியில் புதிதாக ஒரு கம்பம் நடுவதென்றால், நிலத்தைத் தோண்ட வேண்டும், கான்கிரீட் அடித்தளம் போட வேண்டும், மின்சாரமும் கேபிளும் இழுக்க வேண்டும். பணத்தில் பெரும்பங்கு மண்ணுக்கடியிலேயே போய்விடும். இவை யாவும் நீல விளக்குத் தூணுக்கு ஏற்கெனவே செய்யப்பட்டிருக்கின்றன. பகுதி பகுதியாகப் பூட்டிக்கொள்ளும் அமைப்பில் செய்யப்பட்ட தூணானால், விளக்கைக் கழற்றி, நான்கு திசைகளையும் நோக்கிய குழாய் ஸ்பீக்கர்கள் அடங்கிய ஒரு வளையத்தை இடையே செருகி, உடலுக்குள் ஆம்ப்ளிஃபயரையும் பேட்டரியையும் வைத்து, விளக்கை மீண்டும் உச்சியில் ஏற்றிவிடலாம். தொலைபேசி இண்டர்நெட் கேபிளில் இயங்குவதாயிருந்தால் அறிவிப்பும் அதே கேபிளின் வழியே வரும். ஆனால் அந்தக் கேபிளே சுமந்து வரும் சொற்ப மின்சாரம் தொலைபேசிக்குப் போதுமேயன்றிப் பெரிய ஒலிபெருக்கிக்குப் போதாது. ஆகையால் நாள் முழுவதும் சிறுகச் சிறுகப் பேட்டரியில் சேமித்து, பேச வேண்டிய சில நிமிஷங்களில் தாராளமாகச் செலவழிக்கும் உபாயத்தைப் பொறியாளர்கள் கையாளுகிறார்கள். மின்சாரம் நின்றுபோகும் புயல் நாளிலும் தூண் பேசும் என்பது இந்த ஏற்பாட்டின் இன்னொரு நன்மை.

சைரன் ஒன்றை ஊதிவிட்டால் போதாதா, எதற்காகக் குரல் என்று கேட்பவர்கள் ஹவாயின் மௌயி தீவை நினைத்துப் பார்க்க வேண்டும். 2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் தீக்கிரையாகி நூறு பேரளவில் மாண்டபோது, அத்தீவின் எச்சரிக்கைச் சைரன்கள் ஊதப்படவில்லை. சைரன் கேட்டால் சுனாமி வருவதாக எண்ணி உயரமான இடத்தை நோக்கி ஓடவே மக்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள், அப்படி ஓடியிருந்தால் மலைப்பக்கமிருந்த தீக்குள்ளேயே போயிருப்பார்கள் என்று அதிகாரி விளக்கம் சொன்னார். அந்த விளக்கத்தைப் பலர் ஏற்கவில்லை. ஆயினும், "ஏதோ ஆபத்து" என்று மட்டும் அலறத் தெரிந்த சாதனத்தின் குறையை அது வெளிச்சமாக்கிவிட்டது. எந்தத் திசையில் போக வேண்டும், வீட்டினுள் இருக்க வேண்டுமா வெளியேற வேண்டுமா என்பதைச் சொல்ல வார்த்தை வேண்டும்.

வார்த்தையை அனுப்புவது எளிது. அது வார்த்தையாகவே காதில் போய்ச் சேர்வதுதான் கடினம். திறந்தவெளியில் தூரம் இரட்டிக்குந்தோறும் ஒலியின் வலிமை 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் 110 டெசிபலாகச் செவியைத் துளைக்கும் குரல், 32 மீட்டர் போவதற்குள் 80-க்கு இறங்கிவிடும். சாலைப் போக்குவரத்தின் இரைச்சலோ 70 வரையில் ஏறக்கூடும். அப்படியானால் இன்னும் உரக்கப் பேசவைக்கலாமே என்ற எண்ணம் எவருக்கும் தோன்றும். அங்கேதான் தவறு நேருகிறது. கோயில் திருவிழாவில் தெருநெடுகக் குழாய் கட்டியிருக்கும்போது, இரண்டு குழாய்களுக்கு நடுவே நின்று அறிவிப்பைக் கேட்க முயன்றவர்களுக்கு இது தெரியும்: சப்தத்துக்குக் குறைவில்லை, ஒரு சொல்லும் விளங்குவதில்லை. ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்கிறது. ஒரு தூண் 30 மீட்டரிலும் மற்றொன்று 100 மீட்டரிலும் இருந்தால், ஒரே சொல் விநாடியில் ஐந்திலொரு பங்கு இடைவெளியில் இரண்டு முறை காதில் விழும். ஏறக்குறைய ஓர் அசையை உச்சரிக்கும் நேரம் அது. ஆகவே இரண்டாவது தூணின் முதல் அசை, முதல் தூணின் அடுத்த அசையின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. கட்டடச் சுவர்களின் எதிரொலி வேறு. பேச்சில் உயிரொலிகள் வலிமையோடு வர, பொருளை வேறுபடுத்தும் மெய்யொலிகள் பல மெலிந்தே வருவதால், குழப்பத்தில் முதலில் அழிபவை அவையே.

இதை ஊகத்துக்கு விடாமல் அளக்கவும் வழி உண்டு. நெதர்லாந்தின் ஹவுட்காஸ்ட், ஸ்டேனகென் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் 1970-களில் வகுத்த அளவுகோல், பேச்சு எவ்வளவு தெளிவாக வந்து சேர்கிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து ஒன்று வரையுள்ள ஓர் எண்ணாகச் சொல்லிவிடும். அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 72-ஆம் இலக்க விதித்தொகுப்பு, குரல் எச்சரிக்கைக்குச் சராசரியாக 0.50 அளவை இலக்காகக் காட்டுகிறது. இந்த இலக்கை எட்ட வேண்டுமானால், சில தூண்களை இடிபோல் முழங்கவைப்பதைவிட, பல தூண்களை நெருக்கமாக நிறுத்தி மிதமாகப் பேசவைப்பதும், வாக்கியங்களைச் சுருக்கி ஒவ்வொன்றுக்கும் பின் நிறுத்தம் கொடுப்பதும் மேல் என்பதே என் திடமான அபிப்பிராயம். பட்டியலில் டெசிபலைப் பெரிதாக அச்சிட்டு விற்பவர்களின் பேச்சில் இது அடிபட்டுப் போகிறது.

இன்னொரு நுட்பமும் கவனத்துக்குரியது. தூணின் பொத்தானை அழுத்தி ஒரு பெண் தாழ்ந்த குரலில் உதவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே பொது அறிவிப்பு அத்தூணில் முழங்கினால் அவள் கதி என்ன? அழைப்பில் உள்ள தூணை மட்டும் அறிவிப்பிலிருந்து விலக்கும் வசதி கட்டாயம் வேண்டும். பழைய கடமையைப் புதிய கடமை விழுங்கிவிடக் கூடாது. அதுபோலவே காது கேளாதவர்களுக்கு எவ்வளவு தெளிவான குரலும் பயன்படாது. மின்னும் விளக்கும் எழுத்துப் பலகையும் உடனிருப்பது தர்மமும் அவசியமுமாகும்.

குரலின் சக்திக்கு நம் கடற்கரையிலேயே பிரத்தியட்ச சாட்சி ஒன்று இருக்கிறது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்து, கடல் அலையின் உயரத்தை ஒலிபெருக்கியில் மீனவர்களுக்கு அறிவிக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியிருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரில் வேலையிலிருந்த நல்லவாடு கிராமத்து இளைஞர் ஒருவர் சுனாமிச் செய்தியறிந்து ஊருக்குத் தொலைபேசியில் எச்சரிக்க, ஊரார் அந்த ஒலிபெருக்கியில் அறிவித்து அனைவரையும் கரையிலிருந்து விலக்கினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள். அது விலையுயர்ந்த சாதனமன்று. ஆனால் அன்றாடம் அதே குழாயில் அலையின் உயரத்தைக் கேட்டுப் பழகிய மக்களுக்கு அது சொன்னதில் சந்தேகம் எழவில்லை. வருஷத்துக்கொருமுறை மட்டும் கரகரத்துப் பேசும் தூணுக்கு அந்த நம்பிக்கை கிடைக்காது.

ஆகவே இத்தகைய தூண்களுக்கு ஒலிபெருக்கி பூட்டத் தீர்மானிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பணம் கொடுப்பதற்குமுன், வகுப்புகள் கலையும் நடுப்பகலில் ஒருமுறையும், காற்று வீசும் இரவில் ஒருமுறையும், அறிவிப்பின் வாசகத்தை முன்கூட்டி அறியாத சிலரை, அவர்களில் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத மாணவர் சிலரையும் சேர்த்து, இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதித் தரச் சொல்லுங்கள். அவர்கள் எழுதியது அறிவிப்போடு ஒத்திராவிட்டால் அந்த வேலையை முடிந்ததாக ஏற்காதீர்கள்.