சட்டைப்பையிற் கொண்டுசெல்லத்தக்க கூட்டுக்கருவி

குடியானவர் கழனிக்குப் புறப்படும்போது அரிவாளையும் மண்வெட்டியையும் மறப்பதில்லை. ஆயினும் கழனியில் வேலை தடைப்படுவது பெரும்பாலும் இப்பெரிய ஆயுதங்கள் இல்லாமையால் அன்று. உர மூட்டையின் தையலைப் பிரிக்கவும், தளர்ந்த வேலிக் கம்பியை முறுக்கவும், தெளிப்பானின் திருகை இறுக்கவும் தக்க சிறு கருவி கையில் இல்லாமையால் அரை மைல் தூரம் வீடு திரும்ப நேருகிறது. சிலர் பல்லாலும் நகத்தாலும் காரியத்தை முடிக்க முயன்று காயமடைகின்றனர். இக்குறையைத் தீர்க்கவல்லது, கத்தி முதலிய சில கருவிகள் ஒரே பிடிக்குள் மடங்கியிருக்கும் சாதனமாகும். கடைகளில் மல்டிடூல் என்று வழங்கும் இதனை இங்கே கூட்டுக்கருவி என்போம். இதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும், இதனால் செய்யத்தகாதவற்றையும் கீழே விவரிப்போம்.

தோன்றிய விதம்

ஸ்விட்ஸர்லாந்து தேசத்துச் சேனை 1891-ம் ஆண்டில் தன் வீரர்களுக்கு அளித்த மடக்குக் கத்தியில் அலகு, துளையூசி, தகரடப்பா திறப்பான், திருப்புளி ஆகிய நான்கு உறுப்புகளே இருந்தன. துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யவேண்டியிருந்ததால் திருப்புளி சேர்க்கப்பட்டது. 1897-ல் கார்ல் எல்ஸெனர் என்பவர் மேலும் சில உறுப்புகளைக் கூட்டி, எடை குறைந்த கத்தி ஒன்றைச் செய்தார். குறட்டை நடுவில் வைத்து மடக்கும் வகை பிற்காலத்தது. அமெரிக்கரான டிம் லெதர்மன் 1975-ல் ஐரோப்பாவில் பழைய காரொன்றில் பிரயாணம் செய்கையில், பையிலிருந்த கத்தியோடு ஒரு குறடும் இருந்தால் நலமென எண்ணினார். அவ்வெண்ணத்தில் பிறந்த கருவி 1983-ல் விற்பனைக்கு வந்தது. இவ்விரண்டிலும் தேவை முன்னும் கருவி பின்னுமாக வந்ததைக் கவனிக்க. வாங்குவோரும் இம்முறையையே பின்பற்றவேண்டும்.

தேவையை அறிதல்

கடைக்குச் செல்லுமுன் ஒரு வாரகாலம், கையில் கருவியில்லாமல் தவித்த ஒவ்வொரு தருணத்தையும் குறித்துவருக. அக்குறிப்பில் பெரும்பாலும் நான்கைந்து வேலைகளே திரும்பத் திரும்ப வரும். அவற்றிற்குரிய உறுப்புகள் இருந்தாற் போதும். இருபது உறுப்புகளைக் கண்டு மயங்குவோர் பலர். உறுப்பு பெருகப் பெருக எடையும் விலையும் ஏறும். ஒவ்வோர் உறுப்பும் மெலியும். கனத்தைக் கருதி வீட்டு மாடத்தில் விட்டுச்செல்லும் கருவி எத்துணைச் சிறந்ததாயினும் பயனற்றதே.

தோட்டக்கால் வேலையும் மூட்டை வேலையும் மட்டும் உடையவர்க்கு ஒற்றை அலகுள்ள மடக்குக் கத்தி போதுமானது. சிறு கிளைகளை அறுப்பவர்க்கு, அலகுடன் சிறு ரம்பமும் துளையூசியும் திருப்புளியும் சேர்ந்தது ஏற்றது. இது 100 கிராமுக்குட்பட்ட எடையிலேயே கிடைக்கும். கம்பிவேலி, எஞ்சின், சொட்டுநீர்க் குழாய் ஆகியவற்றோடு நாள்தோறும் பழகுபவர்க்கே குறடுள்ள வகை தேவை. இது 200 கிராமுக்கு மேலும் கனக்கக்கூடுமாதலால், இடுப்புவாரில் உறையிட்டு அணிவதே வசதி.

வாங்குகையில் கவனிக்கவேண்டியவை

முதலாவது, அலகின் பூட்டு. பூட்டில்லாத கத்தியால் குத்தித் துளைக்க முயன்றால் அலகு சடக்கென மடங்கி விரல்களை வெட்டிவிடும். ஆதலின், விரித்த அலகு தானே மடங்காதபடி பூட்டிக்கொள்ளும் வகையே நன்று. பிரான்சு தேசத்து ஓபினெல் கத்தியில் 1955 முதல், திருப்பினால் அலகைப் பூட்டும் எளிய வளையம் அமைந்திருக்கிறது. கடையிலேயே அலகை விரித்துப் பூட்டி, கூர்முனையில் கை படாதவாறு பக்கவாட்டில் அசைத்துப் பார்க்கவும். ஆட்டமிருப்பின் விட்டுவிடுக.

இரண்டாவது, எஃகு. சாதாரணக் கார்பன் எஃகு சாணைக்கல்லில் எளிதிற் கூராகும். ஆனால் வியர்வையாலும் ஈரத்தாலும் துருப்பிடிக்கும். நாள்தோறும் துடைத்து எண்ணெயிட இயலாதவர் துருவேறா எஃகையே வாங்குவது நலம். மூன்றாவது, சேறுபடிந்த கையாலும் வழுக்காத பிடி. நான்காவது, நகம் ஒடியாமல் விரிக்கத்தக்க உறுப்புகள்.

செய்யத்தகாதவை

குறட்டின் பிடி இரும்பாயிருப்பதால் மின்சாரம் உடலிற் பாயும். மோட்டார்ப் பெட்டியிலும் மின்கம்பியிலும் கூட்டுக்கருவியை ஒருகாலும் உபயோகிக்கலாகாது. இவ்வொன்றை மறந்தால் உயிருக்கே மோசம் விளையும்.

தெளிப்பானின் முனைத்துளை அடைத்துக்கொண்டால் துளையூசியால் குத்தலாகாது. துளை அகன்று மருந்து அளவுக்கு மிஞ்சி வெளிப்படும். நீரும் மெல்லிய தூரிகையுமே அதற்கு ஏற்றவை. பூச்சிமருந்துப் பையைக் கிழித்த அலகால் பழமோ வெற்றிலையோ நறுக்குவது விஷத்தை உண்பதற்கு ஒப்பாகும். இதற்கெனத் தனிக் கத்தி வைத்துக்கொள்க.

மொட்டு ஒட்டு வேலைக்கும் இக்கருவி ஆகாது. சணலையும் மண்படிந்த குழாயையும் அறுத்து மழுங்கிய அலகு, பட்டையை நசுக்கி ஒட்டைக் கெடுக்கும். அன்றியும் கத்தியால் நோய் பரவுகிறது. எலுமிச்சை, ஆரஞ்சு இனங்களைத் தாக்கும் எக்ஸோகார்ட்டிஸ் என்னும் வைராய்டு நோய், நோயுற்ற மரத்தை வெட்டிய அலகின் வழியே அடுத்த மரத்திற்குச் செல்லும். அலகைத் தீயில் வாட்டுவதால் இது முற்றும் அழிவதில்லை. 1 சதவீத ஸோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அலகை நனைத்தெடுப்பதே தக்க வழி. புட்டியில் 4 சதவீதம் என்றிருந்தால், ஒரு பங்கு மருந்துக்கு மூன்று பங்கு நீர் சேர்க்கவும். இக்கரைசல் எஃகை அரிக்குமாதலால், வேலை முடிந்ததும் நன்னீரில் கழுவித் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

பராமரிப்பு

வாரமொருமுறை எல்லா உறுப்புகளையும் விரித்து, மண்ணைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, கீல்களில் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விடுக. அலகைச் சாணைக்கல்லில் இருபுறமும் சுமார் 20 டிகிரி சாய்வில் ஒரே சீராகத் தீட்டுக. மழுங்கிய கத்தியே அதிகம் காயம் செய்யும். ஏனெனில் அதற்கு மிகுந்த பலம் கொடுத்து அழுத்த நேர்ந்து, கை தவறுகிறது. குழந்தைகளின் கைக்கு எட்டாதவாறு இதனை வைக்கவேண்டுமெனக் கூறத் தேவையில்லை. விமானப் பிரயாணத்தில் இதைக் கைப்பையில் வைத்துக்கொள்ள அனுமதியில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

சுருங்கக்கூறின், உறுப்புகளின் எண்ணிக்கையைக் கண்டு வாங்காமல் தம் வேலையைக் கண்டு வாங்குபவர்க்கு, ஒரு சிறு கருவி பல்லாண்டு உழைக்கும். குடியானவர்கள் இவ்விஷயங்களைக் கவனித்துத் தம் காலத்தையும் கைவிரல்களையும் காத்துக்கொள்வார்களாக.