சினைப்பைக் கட்டி: எல்லைக்கோட்டில் நிதானம் தேவை



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளில் ஷிப்ட் முறையில் பணிபுரியும் நம் பெண்கள், வயிறு உப்பினால் கேன்டீன் உணவின் மீதும், அடிவயிறு வலித்தால் நின்றபடி செய்யும் வேலையின் மீதும் பழிபோட்டுவிட்டு நாட்களைக் கடத்துகின்றனர். உப்பலும் வலியும் வாரக்கணக்கில் நீடித்தால் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

ஸ்கேனில் சினைப்பைக் கட்டி தெரிந்தால் உடனே கலங்க வேண்டாம். பெரும்பாலானவை சாதாரணக் கட்டிகளே. சில புற்றுநோயாக இருக்கும். இவ்விரண்டுக்கும் இடையில் நிற்பது 'எல்லைக்கோட்டுக் கட்டி'. 1929-இல் அமெரிக்க மருத்துவர் ஹோவர்ட் டெய்லர் இதனைத் தனி வகையாக விவரித்தார். இதன் உயிரணுக்கள் மாறுபட்டிருப்பினும், புற்றுநோயைப் போல் திசுவைத் துளைத்துப் பரவுவதில்லை. இளம் பெண்களுக்கும் இது வருவதுண்டு. தொடக்க நிலையில் கண்டறியப்பட்டோரில் மிகப் பெரும்பாலோர் நலமுடன் நீண்ட காலம் வாழ்கின்றனர்.

இதற்கு முதன்மையான சிகிச்சை அறுவையே. குழந்தைப்பேறு முடிந்து, மாதவிடாயும் நின்றவர்களுக்கு இரு சினைப்பைகளையும் கருக்குழாய்களையும், பல வேளைகளில் கருப்பையையும் அகற்றுவர். தாய்மையை எதிர்நோக்கும் பெண்ணுக்கோ, கட்டியுள்ள பக்கத்துச் சினைப்பையையும் குழாயையும் மட்டும் எடுத்தால் போதுமானதாக இருக்கலாம். எஞ்சிய ஒரு சினைப்பையுடனும் இயற்கையாகக் கருத்தரிக்க இயலும். இரு பக்கமும் கட்டி இருந்தால் கட்டியை மட்டும் அகற்றுவதும் உண்டு. ஆனால் அது மீண்டும் தோன்றும் வாய்ப்பு அதிகம். அவ்வாறு தோன்றுபவை பெரும்பாலும் அதே வகையினவாதலால் மறுபடியும் அகற்றலாம். பொதுவாகக் கீமோதெரபி தேவைப்படுவதில்லை.

ஒன்றை மறவாதீர்கள். இன்ன வகைக் கட்டி என்பதை ஸ்கேனோ, சிஏ-125 இரத்தப் பரிசோதனையோ உறுதி செய்யாது. அகற்றிய கட்டியின் திசு ஆய்வே உறுதி செய்யும். எனவே பெற்றோரே, கணவன்மாரே! "எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று பதற்றத்தில் கையெழுத்திடாதீர்கள். "பிள்ளைப்பேற்றைக் காக்க இயலுமா?" என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். நோயாளியான பெண்ணின் விருப்பத்தையும் கேளுங்கள். அவளுடைய உடல் அது!

செலவை எண்ணி மலைக்கவும் வேண்டாம். மாத ஊதியம் 21,000 ரூபாய் வரை பெறும் தொழிலாளர்கள் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் வருவர். அவர்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் சிகிச்சை உண்டு. தகுதியுள்ள தொழிலாளிக்கு நோய்க்கால விடுப்பில் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாட்கள் வரை கிடைக்கும். காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா அரசு புற்றுநோய் மருத்துவமனையும், சென்னையில் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இப்பகுதிக்கு எட்டும் தொலைவிலேயே உள்ளன.

அறுவை முடிந்ததும் கடமை முடிந்துவிடாது. இக்கட்டி பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். திசு ஆய்வு அறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவர் குறித்த நாளில் தவறாமல் பரிசோதனைக்குச் செல்லுங்கள். ஊரார் பேச்சுக்கு அஞ்சி நோயை மறைப்பதால் இழப்பு நமக்கே. உரிய காலத்தில் கேட்கும் ஒரு கேள்வி, ஒரு பெண்ணின் உயிரையும் தாய்மையையும் சேர்த்தே காக்கலாம்.