மருந்துச்சீட்டும் சித்த சுவாதீனமும்

"நல்ல நினைவோடும் சித்த சுவாதீனத்தோடும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிவைத்த உயில்." பத்திரம் எழுதுகிறவர்களுக்கு இந்த வரி மனப்பாடம். எழுதிவைத்த அப்பா மனநல மாத்திரை சாப்பிட்டு வந்தவர் என்றால், பங்கு கிடைக்காத மகன் முதலில் தேடுவது பழைய மருந்துச்சீட்டைத்தான். மனநோய்க்காரர் எழுதிய உயில் எப்படிச் செல்லும் என்பது அவன் வாதம்.

இந்த வாதம் பிறந்த காலம் ஒன்று உண்டு. 1912ஆம் வருட லூனசி சட்டத்துக்கு நோயின் பெயர் தேவைப்படவில்லை. 'சித்த சுவாதீனம் அற்றவர்' என்றால் போதும். மாஜிஸ்திரேட் உத்தரவில் ஆளை உள்ளே அனுப்பிவிடலாம். டாக்டர் சொல்வதும் கோர்ட் சொல்வதும் தெரு சொல்வதும் ஒரே சொல்லுக்குள் அடங்கின. சென்னையில் மனநல மருத்துவமனை இருக்கும் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லானது.

இத்தனைக்கும் அதே காலத்தின் வேறு சட்டங்கள் நிதானமாகத்தான் பேசின. பெரும்பாலும் மனம் பேதலித்திருப்பவரும் தெளிந்திருக்கும் வேளையில் உயில் எழுதலாம் என்றது 1925ஆம் வருட வாரிசுரிமைச் சட்டம். 1860ஆம் வருடத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவும் நோயின் பெயரைக் கேட்கவில்லை. செய்வது இன்னதென்றோ, அது தப்பென்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா என்றுதான் கேட்டது. குற்றம் நடந்த நேரத்து மனநிலையே முக்கியம் என்று 1964இல் ஒரு குஜராத் கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால்தான் கோர்ட் சின்னச் சின்ன விஷயங்களைத் துருவுகிறது: கத்தியை ஒளித்தாரா, சட்டையை அலசினாரா, ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா?

சட்டம் நேரத்தைப் பார்த்தது. ஊர் ஆளைப் பார்த்தது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

இன்று 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. நோயைத் தீர்மானிக்க மருத்துவ அளவுகோல் வேண்டும் என்கிறது. முன்பு சிகிச்சை பெற்றதை மட்டும் காரணமாகக் காட்டி ஒருவருக்கு இப்போது நோய் என்று தீர்மானிக்கக் கூடாது என்கிறது. அதன் 3ஆம் பிரிவில் இன்னொன்றும் உண்டு: ஒருவருக்கு மனநோய் என்று கண்டறிந்ததாலேயே அவர் சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிட மாட்டார், அதைக் கோர்ட்தான் அறிவிக்க வேண்டும்.

மாறாததும் இருக்கிறது. பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த 2023ஆம் வருட பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, பழைய 84ஐ ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறது. சித்த சுவாதீனம் என்ற சொல் போகவில்லை. யார், எதற்காகச் சொல்வது என்பதற்குத்தான் வரம்பு வந்திருக்கிறது.

மகன் சீட்டை நீட்டலாம். அப்பா மாத்திரை சாப்பிட்டார் என்பதற்கு அது சாட்சி. எந்த நிலம், எத்தனை பிள்ளைகள், யாருக்கு எது என்று கையெழுத்துப் போடும்போது அவருக்குத் தெரிந்திருந்ததா? அதைக் கேட்டால் சீட்டு பேசாது.