பாலிசியின் 12ஆம் எண் வரி: குடிநோய்ச் சிகிச்சைக்குக் காப்பீட்டுப் பணம் ஏன் கிடைப்பதில்லை?



துவரம் பருப்பு மூட்டை வந்து இறங்கினால், குத்தூசி போட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்காமல் நாம் யாரும் விலை பேசுவதில்லை. ஆனால் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் பிரீமியம் கட்டி வாங்கும் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியை மட்டும் பிரித்தும் பார்க்காமல் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறோம். இதனால் வரும் நஷ்டத்தை, நம் வட்டாரத்தில் பலரும் வெளியில் சொல்லக் கூச்சப்படும் ஒரு நோயைக் கொண்டு இங்கே எடுத்துச் சொல்ல விரும்புகிறோம். அது குடிநோய்.

நம் ஊரைப் பற்றி நாமே மறைப்பானேன்? அண்டைத் தமிழ்நாட்டைவிட மது மலிவாகக் கிடைக்கும் ஊர் என்று புதுச்சேரிக்குப் பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே பெயர். பெரிய மார்க்கெட்டிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும் சற்று நேரத்தில் ஒரு பிராந்திக் கடை வந்துவிடும்.

நம் கண்முன் நடந்தது

பல ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கும் மளிகைக்காரர் ஒருவர். பெயர் வேண்டாம். பாக்கி தீர்ப்பதில் நாள் தவறாதவர். இரவு கடை சாத்திய பிறகு கொஞ்சம் என்று தொடங்கிய பழக்கம், காலையில் தராசைப் பிடிக்கும்போதே கை நடுங்கும் நிலைக்குக் கொண்டுவந்து விட்டது. வீட்டார் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒன்பது ஆண்டுகள் விடாமல் பிரீமியம் கட்டிய குடும்பம் அது. 'மதுப்பழக்கத்துக்கான சிகிச்சை பாலிசியில் அடங்காது' என்று ஒரே வரியில் பதில் வந்தது. மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின. சில மாதங்களில் கல்லீரல் பாதிப்புக்காக மறுபடி சேர்த்தபோது, அது குடியின் பின்விளைவு என்று அதற்கும் பணம் மறுக்கப்பட்டது.

சட்டம் சொல்வதும் பாலிசி சொல்வதும்

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 என்ற மத்தியச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கிறது. மது, போதைப் பொருள் பழக்கத்தோடு சேர்ந்த மனநலக் கோளாறுகளையும் அது மனநோய் என்றே வரையறுக்கிறது. உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று அதன் 21(4) பிரிவு கூறுகிறது. இதைப் பின்பற்றும்படி காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2018 ஆகஸ்டில் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது.

ஆனால் அதே ஆணையம் 2019 செப்டம்பரில், பாலிசிகளில் எவற்றை விலக்கலாம் என்று ஒரே மாதிரியான பட்டியல் ஒன்றை வெளியிட்டது. அதில் 12ஆம் எண், மதுப்பழக்கம், போதைப் பழக்கம், 'அவற்றின் பின்விளைவுகள்' ஆகியவற்றுக்கான சிகிச்சை. மனநோயை விலக்கக் கூடாது என்று சொன்ன வழிகாட்டுதலிலேயே குடிநோயை விலக்கலாம் என்றும் இருக்கிறது. மருத்துவர்கள் பயன்படுத்தும் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் மதுவால் வரும் கோளாறுகள் மனநோய் அத்தியாயத்திலேயே இருக்கின்றன. சரக்கு ஒன்றுதான், லேபிள்தான் இரண்டு.

மனநோய்க்கான க்ளெய்மை மறுத்த வழக்கு ஒன்றில் 2021 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம் பாலிசிதாரர் பக்கம் தீர்ப்பளித்தது. அது குடிநோய் வழக்கு அல்ல. என்றாலும் 21(4) பிரிவு நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் என்ற வாதத்துக்கு அது பலம். அமெரிக்காவில் 2008இலேயே மனநோயோடு போதை நோயையும் சமமாக நடத்தச் சட்டம் வந்தது. நம் சட்டத்தின் சொற்கள் அதற்குக் குறைந்தவை அல்ல, அமலில்தான் இடைவெளி.

வேறு தடைகளும் உண்டு. பெரும்பாலான பாலிசிகள் 24 மணி நேரமாவது படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். குடிநோயில் பாதி வேலை, பல மாதம் நடந்து வந்து பெறும் ஆலோசனைதான். பதிவு பெறாத மறுவாழ்வு இல்லத்தில் சேர்த்தால் அது 'மருத்துவமனை' என்ற வரையறைக்குள்ளேயே வராமல் போகலாம்.

2019இல் வெளியான மத்திய அரசின் தேசிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதேனும் சிகிச்சை கிடைத்திருக்கிறது. வெட்கம் ஒரு காரணம். செலவு மற்றொரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை

ஒன்று: பாலிசியைப் புதுப்பிக்கும் முன் விலக்குப் பகுதியை எடுத்து 12ஆம் எண்ணைப் படியுங்கள். ஏஜெண்டிடம் வாய்வார்த்தையாகக் கேளாமல் எழுத்தில் பதில் வாங்குங்கள். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கட்டிவிட்டால், மோசடி இருந்தாலன்றி, 'நோயை மறைத்தீர்கள்' என்று மறுக்க முடியாது. ஆனால் நிரந்தர விலக்கு ஒன்பது ஆண்டு ஆனாலும் விலக்குத்தான். நம் நண்பர் ஏமாந்தது இங்கேதான்.

இரண்டு: 'வெறும் மஞ்சள் காமாலை என்று எழுதிக் கொடுங்கள்' என்று மருத்துவரிடம் கெஞ்சாதீர்கள். அது கள்ளத் தராசு. பிடிபட்டால் பாலிசியே போய்விடும். மாறாக, நோயின் பெயரும் குறியீடும் முழுமையாக இருக்கும்படி டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள். குடிக்கும் அந்த நோய்க்கும் தொடர்பில்லை என்பது மருத்துவரின் உண்மையான முடிவானால், அதையும் எழுதி வாங்குங்கள்.

மூன்று: மறுத்தால் அத்தோடு விடாதீர்கள். 21(4) பிரிவைக் குறிப்பிட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றாலும், பதில் திருப்தியில்லை என்றாலும், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் சென்னை அலுவலகம்; மாஹேக்குக் கொச்சி; ஏனாமுக்கு ஐதராபாத். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. வெற்றி நிச்சயம் என்று சொல்லமாட்டோம். கேட்காத பாக்கி வசூலாகாது என்பது நமக்குத் தெரியாததா?

நான்கு: பணத்துக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். முற்றிய குடிநோயாளி தானாகத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். உயிருக்கே ஆபத்து நேரலாம். கோரிமேட்டு ஜிப்மரின் மனநலப் பிரிவு நமக்கு அருகிலேயே இருக்கிறது. சென்னையில் 1980இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இதற்கென்றே உள்ளது. 14446 என்ற தேசிய எண்ணில் இலவசமாக வழி கேட்கலாம்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

தனி ஆள் போய் பாலிசியின் ஒரு வரியையும் மாற்ற முடியாது. ஆனால் குழுக் காப்பீட்டில் நிபந்தனைகளைப் பேசி முடிவு செய்ய இடமுண்டு. நூற்றுக்கணக்கான உறுப்பினர்களைச் சேர்த்து ஒரே பாலிசியாக எடுத்து, 12ஆம் எண்ணை நீக்கவோ, ஒரு தொகை வரையிலாவது குடிநோய்ச் சிகிச்சையைச் சேர்க்கவோ சங்கம் பேச வேண்டும். அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியுள்ளோம். உறுப்பினர்கள் ஆதரவு தரவேண்டும்.

நம் நண்பர் ஜிப்மரில் சிகிச்சையைத் தொடர்ந்தார். இப்போது காலை ஆறு மணிக்குக் கடை திறக்கிறார், கை நடுங்குவதில்லை. வளையல்கள் இன்னும் மீளவில்லை. அடுத்த வீட்டு வளையல்களாவது அடகுக்குப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.