உஷார்! இணையத்தை நம்பி வானொலியைக் கைவிடாதீர்கள்

திருகோணமலை மாவட்டத்தில் ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலி வைத்திருப்பவர்களும், வைத்திருக்க ஆசைப்படுபவர்களும், அவர்களை நம்பி அனர்த்தத் திட்டம் போடும் அலுவலர்களும் தயவுசெய்து இதை முழுமையாக வாசியுங்கள். வானொலியை இணையத்தோடு இணைக்கும் வேலை இன்று மலிவாகவும் இலகுவாகவும் ஆகிவிட்டது. அந்த இலகுதான் பயமுறுத்துகிறது. இந்த வேலையை யோசிக்காமல் செய்தால், அடுத்த புயல் கரையைத் தொடும் இரவில் எல்லார் கையிலும் கருவி இருக்கும். பேசத்தான் வழி இருக்காது.

எங்கள் கரைக்கு இது வெறும் கற்பனை அல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் அதற்கு முன் திருகோணமலைப் பக்கமாகத்தான் தரையேறியது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் நிலாவெளியையும் குச்சவெளியையும் புல்மோட்டையையும் என்ன செய்தது என்று இங்கே எந்தக் குடும்பத்துக்கும் சொல்லத் தேவையில்லை. 2020 டிசம்பர் 2 இரவு புரெவி புயல் குச்சவெளிக்கும் திரியாய்க்கும் இடையே கரையைக் கடந்தது. 2025 நவம்பரில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மகாவலி பெருகி மூதூர், வெருகல் பக்கம் ஊர்கள் நீரில் கிடந்தன. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை வங்காள விரிகுடாவில் எழும் ஒவ்வொரு தாழமுக்கமும் எங்களுக்கு ஒரு கேள்வி.

என்ன நடக்கிறது?

கனடாவின் வன்கூவரைச் சேர்ந்த டேவிட் கமரன் 1997இல் ஐஆர்எல்பி என்ற முறையைத் தொடங்கினார். கைக்கருவியின் குரலை வாங்கித் தூரத்துக்கு மறுபடி அனுப்பும் ரிப்பீட்டர்களை இணையம் வழியே ஒன்றோடொன்று கோர்ப்பது அதன் வேலை. 2002இல் அமெரிக்கரான ஜொனதன் டெய்லர் எக்கோலிங்க் மென்பொருளை வெளியிட்டார். பிறகு ஓல்ஸ்டார்லிங்க் வந்தது, டிஜிட்டல் ஹொட்ஸ்பொட் பெட்டிகள் வந்தன. வீட்டில் ஒரு கணினி அல்லது ராஸ்பெரி பை, அதோடு கம்பியால் பொருத்திய ஒரு விஎச்எஃப் வானொலி, ஓர் இணைய இணைப்பு. இவ்வளவும் சேர்ந்தால் ஒரு நோட் தயார். உப்புவெளியில் நடந்துகொண்டு கைக்கருவியில் பேசுகிறவரின் குரல் அந்த நோட்டுக்குப் போய், இணையத்தில் ஏறி, டொரன்டோவிலோ இலண்டனிலோ உள்ள ரிப்பீட்டரில் ஒலிக்கும். புலம்பெயர்ந்த உறவுகள் அத்தனை நாடுகளில் இருக்கும் எங்களுக்கு இது எவ்வளவு பெரிய ஈர்ப்பு! அதை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அதன் பலவீனங்களைத் தெரிந்துகொண்டு கட்டுங்கள் என்றுதான் கத்திச் சொல்கிறேன்.

கோபுரம் போனால் நோட்டும் போகும்

நாட்டுக்கு இணையம் கொண்டுவரும் கடலடிக் கேபிள்கள் கொழும்புப் பக்கத்திலும் மாத்தறையிலும் கரையேறுகின்றன. திருகோணமலைக்கு அது தரைவழியே, நீண்ட தூரம் ஃபைபரில் வந்து சேர வேண்டும். வழியில் ஒரு பாலம் உடைந்தாலும், ஒரு வீதி அரித்துப் போனாலும், நோட் வைத்திருப்பவர் வீட்டில் எல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

அடுத்தது மின்சாரம். 2020 ஆகஸ்ட் 17இலும் 2025 பெப்ரவரி 9இலும் நாடு முழுவதும் ஒரேயடியாக இருண்டது. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணி நேரம் மின்வெட்டு. 60 அம்பியர்-மணி கார் பேட்டரி ஒன்றைப் பாதியளவு பயன்படுத்தினால், சிறு கணினியும் ரவுட்டரும் வானொலியும் சேர்ந்து சுமார் 18 வாட் இழுக்கும் நோட் ஏறத்தாழ 20 மணி நேரம் தாங்கும். ஆனால் தெருமுனையிலுள்ள தொலைபேசிக் கோபுரத்தின் பேட்டரி சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். பிறகு உங்கள் நோட் விளக்கு எரிய, ஊமையாக நிற்கும்.

ஒருங்கிணைப்புக்கு வட்ஸ்அப் குழு போதும் என்று நினைக்கிறீர்களா? 2018 மார்ச் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளின் பின்னரும் அரசாங்கமே வட்ஸ்அப்பையும் முகநூலையும் முடக்கியது. புயலே வராமலும் இந்த வழி மூடலாம்.

2017 செப்டெம்பரில் மரியா சூறாவளி போர்ட்டோ ரிக்கோத் தீவைத் தாக்கியபோது அங்கிருந்த கைத்தொலைபேசிக் கோபுரங்களில் நூற்றுக்கு 95 செயலிழந்தன. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் 50 ஹாம்களை அனுப்பித் தருமாறு கேட்டது. அத்தனை செல்வமும் தொழில்நுட்பமும் உள்ள நாட்டின் ஆட்சிப்பகுதிக்கே அந்த நிலை.

சிம் போட்டு இயங்கும் ‘வோக்கி டோக்கி’களையும் இங்கே சொல்லியாக வேண்டும். தோற்றத்தில் அவை வானொலிதான். உள்ளே இருப்பது கைத்தொலைபேசி. “நாடு முழுவதும் பேசலாம், தூர எல்லை இல்லை” என்ற விளம்பரத்தைப் பார்த்து மீட்புக் குழுவுக்கு அதை வாங்கிக் கொடுத்தால், கோபுரம் சாய்ந்த நிமிடத்தில் அந்தக் குழு தனித்துவிடும்.

வாய் மூடாத நோட், காது கேளாத நோட்

ஒரே அலைவரிசையில் அனுப்பவும் கேட்கவும் செய்யும் சிம்பிளெக்ஸ் நோட்டுக்கு ஒரு கொடிய குணம் உண்டு. அனுப்பும் நேரத்தில் அதற்கு எதுவும் கேட்காது. பல நாட்டவர் கூடிப் பேசும் ஒரு கொன்ஃபரன்ஸில் அதை இணைத்துவிட்டால், பேச்சுக்கு நடுவே இடைவெளியே விழாது. நோட் தொடர்ந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். கிண்ணியாவிலிருந்து ஒருவர் உதவி கேட்டாலும் அது கேட்காது. இணைப்பைத் துண்டிக்கக் கைக்கருவியில் அழுத்தும் டிடிஎம்எஃப் இலக்கங்களும் அதன் காதில் விழாது. ஊரின் ஒரே பொது அலைவரிசையை யாரோ வெளிநாட்டார் அரட்டை அடைத்துக்கொள்ளும்.

இன்னொன்று வொக்ஸ். சத்தம் கேட்டதும் தானாக அனுப்பத் தொடங்கும் இந்த வசதி, மலிவான மின்வழங்கியின் இரைச்சலையும் மனிதக் குரல் என்று எடுத்துக்கொள்ளும். அந்த இரைச்சல் கண்டங்களைக் கடந்து ஒரு கொன்ஃபரன்ஸையே முடக்கலாம். அதோடு, கைக்கருவி நீண்ட நேரம் தொடர்ந்து அனுப்புவதற்கென்று செய்யப்பட்டதல்ல. சார்ஜரில் செருகியபடி நோட்டாக ஓடவிட்டால் சூடேறும், இலித்தியம் பேட்டரி வீங்கும். ஆளில்லாத அறையில் அது தீ விபத்து.

திறந்து கிடக்கும் கதவு

எக்கோலிங்குக்கு யூடிபி 5198, 5199 என்ற இரண்டு போர்ட்டுகள் உள்ளே வரத் திறந்திருக்க வேண்டும். வெளியே போக டிசிபி 5200. அவ்வளவுதான். அது சரியாக அமையவில்லை என்று பொறுமையிழந்து, ரவுட்டரில் கணினி முழுவதையும் வெளியுலகுக்குத் திறந்துவிடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இணையத்தில் இரவு பகலாகத் திறந்த கணினிகளைத் தேடும் நிரல்களுக்கு அது அழைப்பிதழ். பிள்ளைகளின் படங்களும் வங்கி விபரங்களும் அதே வீட்டு வலையமைப்பில்தான் இருக்கின்றன.

ஹொட்ஸ்பொட் பெட்டிகளோடு வரும் ஆரம்பக் கடவுச்சொல் உலகத்துக்கே தெரிந்தது. அதை முதல் நாளே மாற்றாவிட்டால், உங்கள் வானொலியின் பேச்சுப் பொத்தான் முகம் தெரியாத ஒருவரின் கையில். அவர் பேசுவார். உங்கள் அழைப்புக்குறியில், உங்கள் கூரையிலிருந்து, துறைமுக நகரத்தின் வானில் ஒலிக்கும். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

4ஜி டொங்கிளில் நோட் வைக்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். கைத்தொலைபேசி நிறுவனங்கள் பொதுவாகப் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரியின் பின்னால் வைப்பதால் உள்வரும் இணைப்பு கிடைக்காது. வேறெங்கோ இருக்கும் புரொக்ஸி சேர்வரில் தொங்க வேண்டி வரும். சங்கிலியில் இன்னொரு பலவீனக் கண்ணி.

துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது

திருகோணமலையில் வானொலி என்பது மற்ற ஊர்களைப் போன்றதல்ல. கடற்படையின் கிழக்குக் கட்டளைத் தலைமையகம் இங்கே. சீனக்குடாவில் விமானப்படைத் தளம் இங்கே. கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடல் படகுகள் போய் வருகின்றன. கப்பல்கள் ஆபத்தில் அழைக்கும் 16ஆம் அலைவரிசை 156.8 மெகாஹேர்ட்ஸ். கப்பல்கள் தம் இருப்பிடத்தைத் தாமாகவே அறிவிப்பது 161.975இலும் 162.025இலும். மலிவான சீனக் கைக்கருவிகள் பல 136 முதல் 174 மெகாஹேர்ட்ஸ் வரை எங்கும் அனுப்பும். ஓர் இலக்கத்தைத் தவறாகப் பதிந்த கருவியை நோட்டோடு பொருத்தினால், இணைய அரட்டை கடலில் உயிருக்குப் போராடுகிறவனின் அழைப்பின்மேல் விழும். அந்தப் பழியை யார் சுமப்பது?

யுத்த வருடங்களில் வீட்டில் ஓர் அனுப்பும் கருவி இருப்பதன் அர்த்தம் கிழக்கில் எல்லாருக்கும் தெரியும். இன்று சட்டவழி திறந்திருக்கிறது. அதை விட்டு விலகாதீர்கள். 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் கீழ் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுதான் ஹாம் அனுமதிப்பத்திரம் தருகிறது. பரீட்சை எழுதி, 4எஸ் என்று தொடங்கும் அழைப்புக்குறி பெற்ற பின்னரே பேசலாம். ஆளில்லாமல் ஓடும் நோட் வைப்பதற்கும் ரிப்பீட்டரை இணையத்தோடு இணைப்பதற்கும் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேளுங்கள், எழுத்திலேயே பதில் பெறுங்கள். கருவி இறக்குமதிக்கும் அனுமதி வேண்டும். சர்வதேச வானொலி விதிகளின்படி, ஹாம் அலையில் மூன்றாம் ஆளுக்காக நாடுவிட்டு நாடு செய்தி அனுப்பலாம் என்பது அவசரநிலைக்கும் அனர்த்த நிவாரணத்துக்கும் மட்டுமே. கடை வியாபாரத்துக்கும் கலியாணப் பேச்சுக்கும் அது வழியல்ல.

2004 கற்றுத் தந்தது

ஆழிப்பேரலைக்குப் பின் கொழும்பில் பிரதமர் மட்டத்து அனர்த்த நிலையத்தையும் அம்பாந்தோட்டையையும் தொடர்புபடுத்தியவர்கள் இலங்கை வானொலிச் சங்கத்தின் ஹாம்கள். 4எஸ்7விகே என்ற அழைப்புக்குறி கொண்ட விக்டர் குணதிலக்க அவர்களை வழிநடத்தினார். கையில் இருந்தது சாதாரண சிற்றலை வானொலி. அதே நாட்களில் அந்தமானில், ஹாம் பயணமாகப் போர்ட் பிளேயர் போயிருந்த இந்தியாவின் பாரதி பிரசாத்தும் குழுவினரும் அங்கிருந்தே அவசரத் தொடர்பை நடத்தினார்கள். இரண்டு இடங்களிலும் குரலைச் சுமந்தது வானம். நடுவில் எவருடைய சேர்வரும் இருக்கவில்லை.

உடனே செய்ய வேண்டியவை

முதலில் வானொலியைக் கட்டுங்கள். இணையத்தை அதன்மேல் சேருங்கள். கொட்டியார்க் குடாவுக்கு இந்தக் கரையில் திருகோணமலை நகரம், எதிர்க்கரையில் மூதூர், இடையே கிண்ணியா. தண்ணீருக்கு மேலே தடையில்லாத பாதை. உயரமான அன்ரனா வைத்தால் 145 மெகாஹேர்ட்ஸில் நேரடியாகவே பேச வாய்ப்பு அதிகம். எந்த அலைவரிசை என்று இன்றே பேசி முடிவெடுத்து, காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

கொழும்புக்கும் கண்டிக்கும் சிற்றலை. 7 மெகாஹேர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீற்றர் நீளக் கம்பி, 3.6க்கு ஏறத்தாழ 40 மீற்றர். உயரக் கட்டத் தேவையில்லை. தாழ்வாகக் கட்டினால் அலை மேலே போய் நாட்டுக்குள்ளேயே திரும்பி விழும். பகலில் 7, இரவில் 3.6. எங்கள் பிராந்தியத்துக்கு அவசரகால மையங்களாகக் குறிக்கப்பட்டவை 7.110, 3.600.

நோட் வைத்தால் அனுப்பும் நேரத்துக்குக் கட்டாய வரம்பு போடுங்கள். வொக்ஸைத் தவிர்த்து, சமிக்ஞை வரும்போது மட்டும் ஒலியை விடும் ஸ்குவெல்ச் திறப்பதைக் காட்டும் கம்பியைப் பயன்படுத்துங்கள். யார் எந்த நாட்டிலிருந்து நுழையலாம் என்ற பட்டியலை எக்கோலிங்கில் அமைக்க முடியும், அமையுங்கள். வேலை செய்கிறதா என்று பார்க்க 9999 என்ற சோதனை நோட் இருக்கிறது; பிறர் பேச்சுக்கு நடுவே புகுந்து சோதிக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததும் கொன்ஃபரன்ஸ் இணைப்பைத் துண்டித்து அலைவரிசையை ஊருக்கு விடுங்கள். அதைச் செய்ய வேண்டிய ஆள் யார் என்று பெயர் குறித்து வையுங்கள். அவர் இல்லாவிட்டால் அடுத்தவர் யார் என்றும்.

இணையத்துக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. பாதிக்கப்படாத தூரத்து முனையில் அது இருக்கட்டும். விண்லிங்க் முறையில் இங்கிருந்து சிற்றலையில் புறப்படும் மின்னஞ்சலை, இணையம் உயிரோடிருக்கும் வேறொரு நாட்டு நிலையம் வாங்கிச் சேர்ப்பிக்கும். எங்கள் பக்கத்தில் தேவை வானொலியும் பேட்டரியும் பயிற்சி பெற்ற கையும்தான்.

மாதம் ஒரு மாலை, ரவுட்டரின் கம்பியைப் பிடுங்குங்கள். வீட்டின் பிரதான மின்சுவிட்சை அணையுங்கள். அந்த நிலையில் மூதூரையும் கிண்ணியாவையும் குச்சவெளியையும் கூப்பிட்டுப் பாருங்கள். எந்த ஊர் பதில் தரவில்லையோ அந்த ஊர் மக்கள் அடுத்த புயலில் தனித்துவிடுவார்கள் என்று பொருள். அந்த ஊரில் ஓர் இளைஞரையோ யுவதியையோ பரீட்சைக்கு அனுப்பி, ஒரு கருவியை நிறுவுவது எங்கள் எல்லாருடைய கடமை. அடுத்த தாழமுக்கம் எங்களுக்காகக் காத்திருக்காது. இந்த வாரமே தொடங்குங்கள்.